ஒரே பக்கத்தில் நான்கு பிள்ளைகள் எழுதினால் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அறிவியல் பாடத்துக்கான மின்னிலக்கப் பயிற்சித்தாள்கள் மூலம் பிள்ளைகளிடம் கூடிப் பணியாற்றும் திறனை வளர்க்கலாம் என்ற பேச்சு பள்ளிகளிலும் பெற்றோர் கூட்டங்களிலும் அடிக்கடி காதில் விழுகிறது. அது பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன். நான் ஆசிரியை அல்ல. உயர்நிலைப் பள்ளி ஒன்றில் அறிவியல் ஆய்வுக்கூட உதவியாளராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். கரைசல் கலக்குவது, சோதனைக் குழாய்களைக் கழுவிக் கவிழ்ப்பது, மேசைக்கு மேசை சாமான்களைக் கணக்குப் பார்த்து வைப்பது என்று என் பொழுது போயிற்று. பாடம் நடக்கும் நேரத்தில் பின்பக்கத்தில் நிற்பேன். அங்கே நின்றால் எந்த மேசையில் நாலு பேரும் வேலை செய்கிறார்கள், எந்த மேசையில் ஒருவர் செய்ய மூவர் வேடிக்கை பார்க்கிறார்கள் என்பது நன்றாகவே தெரியும்.

மின்னிலக்கப் பயிற்சித்தாளுக்கு நான் எதிரி அல்ல. 1997ல் சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கான முதல் தகவல் தொழில்நுட்பப் பெருந்திட்டம் வந்ததும், அதற்குப் பிறகு ஆய்வுக்கூட மேசைகளில் கணினிகளும் வெப்ப உணரிகளும் ஏறியதும் என் கண்முன் நடந்தவை. 2020 ஏப்ரலில் பிள்ளைகள் எல்லாரும் வீட்டிலிருந்தபடி படிக்க நேர்ந்தபோது, 2018ல் எல்லாப் பள்ளிகளுக்கும் வந்திருந்த மாணவர் கற்றல் தளம் என்ற இணையத்தளம் எவ்வளவு கைகொடுத்தது என்பதும் தெரியும். 2021 முடிவதற்குள் உயர்நிலை மாணவர் ஒவ்வொருவர் கையிலும் சொந்தக் கருவி இருக்கும்படி செய்துவிட்டார்கள். கருவி வந்துவிட்டது, இணையம் இருக்கிறது. ஆனால் ஒரே பக்கத்தை நான்கு பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டால் அதுவே கூட்டு முயற்சி ஆகிவிடும் என்று நினைத்துக்கொள்கிறோமே, அதுதான் என் கவலை.

என் பேத்தி தொடக்கநிலை 5 படிக்கிறாள். மின்சுற்றுப் பாடம். நான்கு பேர் கொண்ட குழுவுக்கு ஒரே பயிற்சித்தாள், நான்கு பேரும் அவரவர் வீட்டிலிருந்து ஒரே நேரத்தில் எழுதலாம். மாலை நேரம், நான் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கூட்டு அழைப்பில் நாலு பேரும் வந்தார்கள். வந்தவுடன் முதல் பேச்சே பங்கு பிரிப்பதுதான். உனக்கு முதல் கேள்வி, எனக்கு இரண்டாவது, அவளுக்கு மூன்றாவது, மிச்சம் அவனுக்கு. சரி என்று சொல்லிவிட்டு எல்லாரும் மௌனமாகிவிட்டார்கள். தட்டச்சு செய்யும் ஓசை மட்டும். பத்து நிமிடத்தில் வேலை முடிந்து, அனுப்பியும் ஆயிற்று. பிறகு ஏதோ விளையாட்டைப் பற்றிக் கலகலவென்று பேச ஆரம்பித்தார்கள்.

நான் திரையை எட்டிப் பார்த்தேன். இரண்டாம் கேள்விக்கு என் பேத்தி எழுதியிருந்தாள்: பல்புகளைத் தொடர் இணைப்பில் சேர்க்கச் சேர்க்க ஒவ்வொன்றின் வெளிச்சமும் குறையும். சரியான பதில். நாலாம் கேள்வியில் அவளுடைய நண்பன், தொடர் இணைப்பில் மூன்றாவது பல்பைச் சேர்த்தாலும் வெளிச்சம் மாறாது என்று எழுதியிருந்தான். ஒரே பக்கம், ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு பதில்கள். நான்கு பேர் பெயரும் மேலே வரிசையாக இருக்கிறது. "நாலாவது பதிலைப் பார்த்தியாம்மா?" என்று கேட்டேன். "அது என் கேள்வி இல்ல பாட்டி" என்றாள்.

பிள்ளையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தத் தாள் அவளிடம் கேட்டது அவ்வளவுதான். நான்கு பெட்டிகள், நான்கு பேர், ஒரு அனுப்பும் பொத்தான். கெட்டிக்காரப் பிள்ளைகள் எதைச் செய்வார்களோ அதைத்தான் செய்தார்கள். விருந்துக்கு ஆளுக்கொரு பண்டம் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, அடுத்தவர் கொண்டுவந்ததை ருசிகூடப் பார்க்காமல் வீடு திரும்புவது போன்றது இது.

இதே மின்சுற்றுப் பாடத்தை ஆய்வுக்கூடத்தில் நான் பார்த்த விதம் வேறு. மின்கலத்தைத் தாங்கியில் வைத்தால் ஒரு முனை சரியாகத் தொடாது. ஒருவர் அதை அழுத்திப் பிடிக்க வேண்டும். பல்பு தளர்ந்திருக்கும், இன்னொருவர் திருகி இறுக்க வேண்டும். முதலைக் கிளிப் நழுவும், மூன்றாமவர் கம்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்குள் நாலாமவர், "எரியுது! இல்ல, போச்சு!" என்று கத்துவார். இரண்டு கை போதாது. யாரும் சொல்லிக் கொடுக்காமலேயே பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கூப்பிடுவார்கள், திட்டுவார்கள், "நீ விட்டுடாத, நான் மாத்துறேன்" என்பார்கள். பல்பு எரியாவிட்டால் மின்கலம் தீர்ந்துவிட்டதா, கம்பி அறுந்திருக்கிறதா, பல்பு போய்விட்டதா என்று நாலு பேருக்கும் நாலு ஊகம். ஒவ்வொன்றாகச் சோதித்து விலக்குவார்கள். அறிவியலும் அங்கே இருக்கிறது, ஒத்துழைப்பும் அங்கே இருக்கிறது. திரையில் ஒரு விரல் போதும். இழுத்து விட்டால் கம்பி தானே ஒட்டிக்கொள்ளும், பல்பு எப்போதும் ஒழுங்காக எரியும். தப்பு நடக்க வழியில்லாத இடத்தில் பக்கத்துப் பிள்ளையைக் கூப்பிட வேண்டிய அவசியமும் இல்லை.

மெய்நிகர் சோதனைகளை மட்டம் தட்டுவதாக யாரும் எண்ண வேண்டாம். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002ல் தொடங்கிய ஃபெட் (PhET) என்ற கணினித்திரைச் சோதனைகளை உலகெங்கும் ஆசிரியர்கள் பயன்படுத்துகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத மின்னோட்டத்தைக் கண்ணுக்குக் காட்டுவதற்கு அவற்றை விட்டால் வேறு நல்ல வழி எனக்குத் தெரியாது. மேசைமேல் உண்மையான மின்சுற்று, பக்கத்தில் திரையில் அதன் உள்ளோட்டம் என்று இரண்டும் சேர்ந்திருக்கட்டும். ஒன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மற்றதை வைப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

நம் பிள்ளைகள் இதில் பின்தங்கியவர்கள் என்றும் நான் சொல்லவில்லை. 2015ல் நடந்த பிசா அனைத்துலகத் தேர்வில், சேர்ந்து சிக்கல் தீர்க்கும் திறனைத் தனியாகச் சோதித்தார்கள். 2017 நவம்பரில் முடிவு வந்தபோது சிங்கப்பூரின் 15 வயது மாணவர்கள் 561 புள்ளிகளுடன் உலகிலேயே முதலிடம். தேர்வை நடத்தும் பொருளியல் ஒத்துழைப்பு, மேம்பாட்டு அமைப்பில் (OECD) உள்ள நாடுகளின் சராசரி 500. அன்று நானும் பெருமைப்பட்டேன், இன்றும் பெருமைதான். ஆனால் அந்தத் தேர்வு எப்படி நடந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு மாணவரும் ஒரு கணினி முன் தனியாக உட்கார்ந்தார். அவருடன் அரட்டையில் சேர்ந்து வேலை செய்த "குழு உறுப்பினர்கள்" கணினி நிரல்கள். எல்லா நாட்டுப் பிள்ளைகளையும் ஒரே அளவுகோலில் மதிப்பிட அது அவசியமாக இருந்திருக்கும். ஆனால் கணினிக் கூட்டாளிக்குக் கோபம் வராது, சலிப்பு வராது, பக்கத்துப் பிள்ளை தன் பதிலை அழித்துவிட்டால் முகம் சுருங்காது. வகுப்பறையில் உட்கார்ந்திருப்பது அப்படிப்பட்ட கூட்டாளி இல்லை.

சரி, நல்ல மின்னிலக்கப் பயிற்சித்தாள் எப்படி இருக்கும்? ஒன்றை நேரில் பார்த்தேன். எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் தொண்டூழியர்கள் சிலர் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளுக்கு அறிவியல் வகுப்பு எடுக்கிறார்கள். சாமான் எடுத்து வைக்க என்னையும் கூப்பிடுவார்கள். அன்றைய சோதனை, சுடுநீர் ஆறும் வேகம். ஒரே மாதிரிக் குவளைகள், ஒரே அளவு சுடுநீர். ஒரு குழு குவளையைச் செய்தித்தாளால் சுற்ற வேண்டும், ஒரு குழு பருத்தித் துணியால், ஒரு குழு அலுமினியத் தாளால், ஒரு குழு குமிழி உறையால். ஒரு குழுவுக்கு எந்த உறையும் இல்லாத வெறும் குவளை. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைப் படித்துத் தாளில் எழுத வேண்டும். இங்கேதான் அந்தத் தாளின் சூட்சுமம். ஒவ்வொரு குழுவுக்கும் அதன் அளவுகளை எழுத ஒரு வரிசைதான். ஆனால் கேள்விகள் எல்லாம் ஐந்து குவளைகளையும் பற்றியவை. எந்த உறை சூட்டை அதிகம் காக்கிறது என்று பதில் சொல்ல வேண்டுமானால் மற்ற நான்கு குழுக்களின் அளவும் வேண்டும். எழுத எழுத ஐந்து கோடுகளும் எல்லார் திரையிலும் ஒன்றாக வளர்ந்தன.

பாதி நேரம் போனபோது ஒரு கோடு மட்டும் சரசரவென்று கீழே இறங்கியது. செய்தித்தாள் குழுவின் கோடு. உறையே இல்லாத வெறும் குவளையைவிட அது வேகமாக ஆறிக்கொண்டிருந்தது. "தப்பா படிக்கிறாங்க" என்றான் ஒரு பையன். "நாங்க சரியாத்தான் படிக்கிறோம்" என்று அந்தக் குழு. வெப்பமானியைத் தண்ணீரிலிருந்து தூக்கிப் படிக்கிறார்களோ என்று ஒருவருக்குச் சந்தேகம், அதையும் பார்த்தார்கள், இல்லை. குமிழி உறைக் குழுவிலிருந்து ஒரு சிறுமி எழுந்து போய் அந்தக் குவளையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "உங்க குவளைக்கு மூடி எங்கே?" என்றாள். மற்ற நாலு குவளைகளுக்கும் மூடி இருந்தது. இவர்கள் மூடியை மேசைமேல் வைத்துவிட்டு மறந்துவிட்டார்கள். ஆவி போகப் போகச் சூடும் போயிற்று. யாரும் சொல்லித் தராமல் ஆவியாதல் பற்றிய பாடம் அந்த அறைக்குள் வந்து சேர்ந்தது.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் பிடித்தது. செய்தித்தாள் குழு முதலில் எழுதிய அளவுகளை அழிக்கப் போனது. வகுப்பு எடுத்தவர் அழிக்க விடவில்லை. "அப்படியே இருக்கட்டும். கீழே இன்னொரு வரிசை சேர்த்து, மூடி போட்டுத் திரும்பச் செய்யுங்க" என்றார். ஆய்வுக்கூடத்தில் நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்வதும் இதுவேதான்: தப்பான அளவை வெள்ளைத் திரவம் தடவி மறைக்காதே, ஒரே ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் சரியானதை எழுது. கடைசியில் அந்தத் தாளில் மூடி இல்லாத கோடும் இருந்தது, மூடி போட்ட கோடும் இருந்தது. உறையா, மூடியா, எதனால் அதிக வித்தியாசம் என்று பிள்ளைகள் தாங்களாகவே வாதாட ஆரம்பித்துவிட்டார்கள்.

காகிதத் தாளில் இது நடந்திருக்காது. ஐந்து குழுவும் ஐந்து காகிதத்தில் எழுதியிருந்தால், செய்தித்தாள் குழு தன் அளவைப் பார்த்துத் திருப்தியாக வீட்டுக்குப் போயிருக்கும். மின்னிலக்கத் தாளின் உண்மையான பலம் இதுதான்: இன்னொருவர் கண்டதை அதே நொடியில் எல்லார் முன்னும் வைப்பது, முரண்பாட்டை மறைக்க முடியாமல் செய்வது. இந்தப் பலத்தை விட்டுவிட்டு, காகிதத்தில் இருந்த அதே கேள்விகளைத் திரைக்கு மாற்றி, வண்ணப்படம் ஒட்டி, "கூட்டுக் கற்றல்" என்று தலைப்பு வைப்பதில் பிள்ளைக்கு என்ன லாபம்?

அதே வகுப்பில் ஒரு பையன், திருச்சியிலிருந்து குடும்பத்தோடு வந்து சேர்ந்தவன். ஆங்கிலம் நன்றாகப் புரியும், பேசக் கூச்சம். குழுவில் மற்றவர்கள் படபடவென்று பேசும்போது அவன் வாயைத் திறப்பதற்குள் பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போய்விடும். இந்தத் தாளில் ஒவ்வொருவரும் சோதனைக்கு முன் தன் ஊகத்தைத் தனியாக எழுத வேண்டும், நாலு பேரும் எழுதிய பிறகுதான் மற்றவர்கள் எழுதியது தெரியும். அவன் ஒருவன்தான் அலுமினியத் தாள் அவ்வளவாகச் சூட்டைக் காக்காது என்று எழுதியிருந்தான். "ஏன் அப்படிச் சொல்ற?" என்று மற்ற மூவரும் அவன் பக்கம் திரும்பினார்கள். உலோகம் சூட்டைக் கடத்தும் என்று தொடங்கி, தடுமாறித் தடுமாறி விளக்கினான். அவர்கள் பொறுமையாகக் கேட்டார்கள். பதிலுக்கு ஒரு பிள்ளை, அலுமினியம் பளபளப்பாக இருப்பதால் சூட்டைத் திருப்பி அனுப்பாதா என்று கேட்டாள். அதுவும் நல்ல கேள்வி. முதலில் தனியாக எழுது, பிறகு சேர்ந்து பேசு என்ற இந்த ஒரு ஏற்பாடு, எத்தனையோ அமைதியான பிள்ளைகளுக்குப் பேச்சில் ஓர் இடம் கொடுக்கும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். விடையைச் சொடுக்கியவுடன் பச்சை நிறத்தில் சரி, சிவப்பு நிறத்தில் தவறு என்று காட்டும் பயிற்சித்தாள்கள் நிறைய வந்துவிட்டன. தனியாகப் பயிற்சி செய்யும் பிள்ளைக்கு அது உதவும். குழு வேலையில் அது பேச்சை அறுத்துவிடுகிறது. இரண்டு பேருக்குள் வாதம் சூடுபிடிக்கும் நேரத்தில் பச்சை விளக்கு எரிந்தால், ஜெயித்தவர் யார் என்பது மட்டும்தான் மிஞ்சும், காரணம் யாருக்கும் வேண்டாம். கல்வித் தொழில்நுட்பப் பெருந்திட்டம் 2030 வந்த பிறகு, பிள்ளை எழுதும் சிறு விடைகளுக்குச் செயற்கை நுண்ணறிவு கருத்துச் சொல்லும் வசதியும் வந்திருக்கிறது. குழுவாகச் செய்யும் தாளில் அந்தக் கருத்து கடைசியில் வரட்டும். பக்கத்துப் பிள்ளையிடம் கேட்டு, மேசைமேல் செய்து பார்த்து, அதற்கும் பிறகு.

இதெல்லாம் புதிய யோசனையும் அல்ல. 1971ல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் வெவ்வேறு இனப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் உட்கார நேர்ந்து, ஒருவரோடு ஒருவர் ஒட்டாமல் இருந்த சமயம், எலியட் அரான்சன் என்ற உளவியல் பேராசிரியர் ஒரு வழி கண்டார். பாடத்தைத் துண்டுகளாகப் பிரித்துக் குழுவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு துண்டு மட்டும் கொடுத்தார். முழுப் பாடமும் தெரிய வேண்டுமானால் மற்றவர்கள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டே ஆக வேண்டும். என் பேத்தியின் குழுவும் பங்கு பிரித்துத்தான் செய்தது, ஆனால் அடுத்தவர் பங்கு யாருக்கும் தேவைப்படவில்லை. அரான்சனின் முறையில் அது தேவைப்படும். சீன, மலாய், இந்தியப் பிள்ளைகள் ஒரே மேசையில் உட்காரும் நம் ஊரில் இதன் அருமை நமக்குத் தெரியாதா?

ஆசிரியர்களின் சுமையும் எனக்குத் தெரியும். நாற்பது பேர் வரை உள்ள வகுப்பில் நான்கு நான்கு பேராகப் பிரித்தால் பத்துக் குழுக்கள். பத்து மேசைப் பேச்சையும் ஒருவர் காதால் கேட்க முடியாது. மின்னிலக்கத் தாளில் யார் எதை எப்போது எழுதினார், யார் மாற்றினார் என்ற பதிவு இருக்கிறது. யாரோ ஒருவர் மட்டும் எல்லாவற்றையும் எழுதியிருந்தால் அது தெரிந்துவிடும். மதிப்பெண் குறைக்க அல்ல, அடுத்த முறை எந்த மேசைப் பக்கம் போய் நிற்க வேண்டும் என்று அறிய அந்தப் பதிவு உதவும். ஆனால் இப்படிப்பட்ட தாளை உருவாக்க நேரம் வேண்டும். ஒரு பாடத்துக்கு ஒரு நல்ல தாள் போதும், எல்லாப் பாடத்துக்கும் அவசரமாகச் செய்த பத்துத் தாள்கள் வேண்டாம் என்று பள்ளித் தலைவர்கள் ஆசிரியர்களிடம் தைரியமாகச் சொல்ல வேண்டும்.

பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள், குறிப்பாக நம் தமிழ்ப் பெற்றோரிடம். குழு வேலை என்றாலே, "எம்புள்ளதான் எல்லாத்தையும் செஞ்சான், மத்தவங்க சும்மா இருந்தாங்க" என்ற புகார் வீட்டில் முதலில் எழுகிறது. சில சமயம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் பிள்ளை வீட்டுக்கு வந்ததும் எத்தனை மதிப்பெண் என்று கேட்பதற்கு முன்னால், உன் நண்பன் என்ன சொன்னான், அதில் உனக்கு எது சரியாகப் படவில்லை என்று கேட்டுப் பாருங்கள். அதற்குப் பதில் வந்தால் அன்று குழு வேலை நடந்திருக்கிறது. 2023ல் பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வு முழுவதும் நீங்கிவிட்டது. தொடக்கக் கல்லூரியில் குழுவாகச் செய்யும் திட்டப்பணிப் பாடமும் 2024 முதல் தேர்ச்சி பெற்றாரா இல்லையா என்று மட்டும் பார்க்கும் பாடமாகிவிட்டது. இப்படிக் கிடைத்த மூச்சுவிடும் நேரத்தை இன்னொரு துணைப்பாட வகுப்புக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

பள்ளிகளுக்கு என் கோரிக்கை இது. மின்சுற்று, வெப்பம், காந்தம் ஆகிய பாடங்களுக்காவது குழுவுக்கு ஒரு சிறு பெட்டி வகுப்பறையிலேயே இருக்கட்டும். மின்கலம், தாங்கி, மூன்று பல்புகள், கம்பி, கிளிப், வெப்பமானி. விலை அதிகம் இல்லை. மின்னிலக்கத் தாள் அந்தப் பெட்டியைத் திறக்கச் சொல்லித் தொடங்கட்டும், குழுவுக்குக் குழு வேறு வேறு சோதனையைக் கொடுக்கட்டும், எல்லாருடைய அளவும் ஒரே படத்தில் சேரட்டும். பெற்றோர் ஆதரவுக் குழுக்கள் இந்தப் பெட்டிகளைத் தயாரிக்கும் பொறுப்பை ஏற்கலாம். ஈசூன் வட்டாரத்தில் ஏதாவது ஒரு தொடக்கப்பள்ளி முன்வந்தால், பெட்டிகளை அடுக்கித் தரவும், பருவத்துக்கு ஒருமுறை தீர்ந்துபோன மின்கலங்களையும் எரியாத பல்புகளையும் பார்த்து மாற்றித் தரவும் நான் வருகிறேன். என்னோடு வேலை பார்த்து ஓய்வுபெற்ற இன்னும் சிலரையும் அழைத்து வருவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வுக்கூட உதவியாளர், வாசகி
ஈசூன்